படிக்காதவர்களிடம் பாடம் கேட்ட பேராசிரியர்: நபி பக்ஷ் பலோச்சும் சிந்தி மொழியும்

சிந்தி மொழியின் பேரகராதிக்கு ‘ஜாமிஅ சிந்தி லுகாத்’ என்று பெயர். ஐந்து தொகுதிகள். முதல் தொகுதி 1960இல் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி வந்தது 1981இல். அதன்பின் மற்றவை மளமளவென்று வந்து 1988இல் வேலை முடிந்தது. நடுவில் 21 ஆண்டு இடைவெளி. பேரகராதிகள் தாமதமாவது உலக வழக்கம்தான், அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த 21 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக் காலம் ‘சிந்து’ என்ற பெயரில் ஒரு மாகாணமே பாகிஸ்தான் வரைபடத்தில் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அகராதியின் கதை புரியும்.

அகராதியைத் தொகுத்தவர் டாக்டர் நபி பக்ஷ் கான் பலோச் (1917–2011). அகராதியோடு நிற்கவில்லை. 42 தொகுதிகளில் சிந்தி நாட்டார் இலக்கியம், சிந்தியின் பெருங்கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபின் பாடல்களுக்கு 10 தொகுதிகளில் மூலபாட ஆய்வுப் பதிப்பு, பாரசீக, அரபுச் சுவடிப் பதிப்புகள், இசைக்கருவிகள் பற்றிய நூல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்கினால் மலைப்புதான் மிஞ்சும். ஒரு மொழியின் எழுத்தறிந்த வர்க்கம் ஊரைவிட்டே போய்விட்ட நேரத்தில், அந்த மொழியை எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களிடம் போய்க் கேட்டு எழுதி வைத்தவர் அவர் என்பதே என் பார்வையில் முக்கியமானது. மற்ற சாதனைகளை அதற்குப் பிறகுதான் வைப்பேன்.

எழுத்தறிந்த வர்க்கம் போய்விட்டது என்றால் என்ன அர்த்தம் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1843இல் மியானி போரில், சிந்துவை ஆண்டுகொண்டிருந்த தால்பூர் மீர்களைத் தோற்கடித்து ஆங்கிலேயர் சிந்துவைப் பிடித்தார்கள். அதுவரை அரசவை மொழி பாரசீகம். சிந்தி பேச்சிலும் பாட்டிலும் இருந்தது. பள்ளிவாசல் பள்ளிகளில் அரபு எழுத்தில் ஆளுக்கொரு மாதிரியாக எழுதினார்கள். இந்து வணிகர்கள் உயிர்க்குறிகளே இல்லாத தங்கள் கணக்கெழுத்தில் பேரேடு எழுதினார்கள். நிர்வாகத்துக்கு ஒரே எழுத்து வேண்டும் என்றதும் சண்டை வந்தது. கேப்டன் ஜார்ஜ் ஸ்டாக் தேவநாகரி வேண்டும் என்றார், ரிச்சர்ட் பர்ட்டன் அரபு எழுத்தே பொருத்தம் என்றார். 1853இல் அரபு எழுத்தை விரித்து 52 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு முடிவாயிற்று. சிந்தியில் மூச்சை உள்ளிழுத்து உச்சரிக்கும் மெய்கள் நான்கு உண்டு. அண்டை மொழிக்காரர்கள் தடுமாறும் இடம் அது. அந்த நான்குக்கும் தனித்தனி எழுத்து கிடைத்தது.

அதே 1853இல், சிந்துவில் உள்ள ஹைதராபாத் அருகே தண்டோ தோரோ என்ற ஊரில் பிறந்தார் மிர்சா கலீச் பேக். அவர் தந்தை ஜார்ஜியா நாட்டிலிருந்து அடிமையாகப் பிடிக்கப்பட்டு, ஈரான் வழியாகச் சிந்து அரசவைக்கு வந்து சேர்ந்தவர். மகனோ சிந்தி உரைநடையின் தந்தை ஆனார். நாவல், நாடகம், ஷேக்ஸ்பியர் தழுவல், தோட்டக்கலை நூல்வரை எழுதித் தள்ளியவர் கலீச் பேக். 1929இல் இறந்தபோது சிந்தியில் அவர் தொடாத துறை அநேகமாக இல்லை.

ஆனால் கலீச் பேக் போன்றவர்கள் விதிவிலக்கு. ஆங்கிலேயர் காலத்துச் சிந்தியில் பள்ளி ஆசிரியர், பாடநூல் ஆசிரியர், அச்சகக்காரர், பத்திரிகையாளர் என்று எடுத்தால் பெரும்பாலோர் இந்துக்கள், அதிலும் ஆமில் என்ற எழுத்தர் வகுப்பினர். அகராதிகளின் பெயர்ப் பட்டியலும் இதையே சொல்லும். ஸ்டாக்கின் அகராதிகள் 1849லும் 1855லும் வந்தன. 1879இல் பாதிரியார் ஷர்ட், உதாராம் தாவுர்தாஸ், எஸ். எஃப். மிர்சா மூவரும் சேர்ந்து ஒன்று போட்டார்கள். 1910இல் பரமானந்த் மேவாராமின் சிந்தி–ஆங்கில அகராதி வந்தது. இன்றும் எடுத்துப் பார்க்கத் தக்க வேலை அது. இவற்றில் பெரும்பாலானவை இருமொழி அகராதிகள். வெள்ளைக்கார அதிகாரிக்கும், தேர்வு எழுதும் மாணவனுக்கும் பயன்பட்டவை. சிந்திச் சொல்லுக்குச் சிந்தியிலேயே விரிவாகப் பொருள் சொல்லும் பேரகராதி 1947வரை இல்லை.

பிறகு பிரிவினை. சிந்து மாகாணம் பஞ்சாபைப் போல இரண்டாக வெட்டப்படவில்லை. முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆனால் மக்கள் பிரிந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிந்தி இந்துக்கள் பம்பாய், அஜ்மீர், அகமதாபாத் என்று கிளம்பினார்கள். கல்யாணுக்கு அருகே கைவிடப்பட்ட ராணுவ முகாம் ஒன்று உல்லாஸ்நகர் என்ற அகதிகள் ஊரானது. அவர்களோடு சிந்தியின் பேராசிரியர்களும் பதிப்பாளர்களும் போனார்கள். ஷா அப்துல் லத்தீஃபின் பாடல் தொகுப்பான ‘ஷா ஜோ ரிஸாலோ’வை முதன்முதலில் உரையும் விளக்கமுமாக மூன்று தொகுதிகளில் கொண்டுவந்த ஹோத்சந்த் குர்பக்ஷாணி 1947 தொடக்கத்திலேயே இறந்துபோனார். வேலை பாதியில் நின்றது.

இடம்பெயர்ந்து வந்த உருது பேசும் மக்கள் கராச்சியிலும் ஹைதராபாத்திலும் குடியேறினார்கள். 1948இல் கராச்சியைச் சிந்துவிலிருந்து பிரித்து நாட்டின் தலைநகராக்கினார்கள். 1955 அக்டோபரில் மேற்குப் பாகிஸ்தானின் மாகாணங்களை எல்லாம் கலைத்து ‘ஒரே அலகு’ ஆக்கினார்கள். சிந்து என்ற பெயர் நிர்வாகத்தில் அழிந்தது. 1957–58இல் கராச்சிப் பல்கலைக்கழகம் தேர்வுகளில் சிந்தியில் விடை எழுதக் கூடாது என்றது. அயூப் கானின் ராணுவ ஆட்சி கொண்டுவந்த கல்விக் கொள்கை சிந்தியின் இடத்தைப் பள்ளியிலும் சுருக்கப் பார்த்தது. ஷேக் அயாஸின் கவிதை நூல்கள் தடை செய்யப்பட்டன. ஹைதர் பக்ஷ் ஜதோய், ஜி. எம். சையத் போன்றோர் ஒரே அலகுக்கு எதிராகப் போராடிச் சிறை சென்றார்கள். 1970 ஜூலை 1 அன்று ஒரே அலகு கலைந்து சிந்து திரும்ப வந்தது.

பலோச்சின் பெரும் பணிகள் தொடங்கியது சரியாக இந்தப் பதினைந்து ஆண்டுக்குள்.

அவர் பிறந்தது 1917 டிசம்பர் 16, சாங்கர் மாவட்டத்தில் சிஞ்சோரோ பக்கம் ஜாஃபர் கான் லகாரி என்ற சிற்றூர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். வளர்த்துப் படிக்க வைத்தது சித்தப்பா பெரியப்பா குடும்பம். நவுஷஹ்ரோ ஃபெரோஸ் மதரசா உயர்நிலைப் பள்ளி, பிறகு ஜூனாகட் பகாவுத்தீன் கல்லூரியில் பி.ஏ., அதன்பின் அலிகார். அலிகாரில் அரபு எம்.ஏ.வும் சட்டப் படிப்பும். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் அப்துல் அஜீஸ் மைமன். அரபு உலகமே மதித்த சுவடிப் பதிப்பாசிரியர். சுவடிகளை ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்ப்பது, ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட ஏற்காமல் இருப்பது என்கிற கெடுபிடி எல்லாம் பலோச்சுக்கு அவரிடமிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

1946இல் உதவித்தொகை பெற்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். போகும்போது பிரிட்டிஷ் இந்தியா, திரும்பும்போது பாகிஸ்தான். முனைவர் பட்டத்துக்கு எழுதியது புதிய நாட்டில் ஆசிரியர் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி. ஆக, பட்டப்படி பார்த்தால் அவர் கல்வியியல்காரர். மொழியியலோ நாட்டாரியலோ முறையாகப் படித்தவர் அல்லர். தகவல் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, சிந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்த அல்லாமா ஐ. ஐ. காஜி 1951இல் இழுத்துக்கொண்டார். கராச்சியிலிருந்து ஹைதராபாத்துக்குப் பல்கலைக்கழகம் இடம் மாறிய ஆண்டு அது. கல்வியியல் பேராசிரியர் என்பது பதவி. பகல் வேலை அது. பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு.

அந்த வேறு வேலைக்குக் களம் அமைத்தது சிந்தி அதபி போர்டு என்ற இலக்கிய வாரியம். பீர் ஹுசாமுத்தீன் ராஷிதி, முகம்மது இப்ராஹிம் ஜோயோ போன்ற பெரிய கைகள் அதில் இருந்தன. சிந்துவின் வரலாறு, பழைய பாரசீக நூல்கள், அகராதி, நாட்டார் இலக்கியம் என்று திட்டங்கள் போட்டார்கள். அகராதியும் நாட்டார் இலக்கியமும் பலோச் கையில் வந்தன.

அகராதி வேலையில் முதல் சிக்கல், எந்தச் சிந்தி என்பது. தெற்கே கடலோரம் லாட், நடுவே விசோலோ, வடக்கே சிரோ, கிழக்கே தார் பாலைவனம், மேற்கே லஸ்பேலா, எல்லைக்கு அப்பால் கட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. ‘லாட்டில் படித்தவன் சிரோவில் எருது’ என்று சிந்தியில் ஒரு சொலவடையே உண்டு. பாடநூல் எழுதியவர்கள் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள விசோலி வழக்கைத் தரமாக வைத்துக்கொண்டு மற்றதைத் தொடாமல் விட்டார்கள். பலோச் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தார். உழவர், மீனவர், குயவர், தச்சர், ஆடுமாடு மேய்ப்பவர் என்று தொழில்வாரியாகப் புழங்கும் சொற்களும், பழம்பாடல்களில் மட்டும் தங்கிப்போன சொற்களும் அகராதிக்குள் வந்தன. ஒட்டகத்துக்கு வயதுக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் மக்களின் மொழிக்கு அகராதி போடுகிறவன் நூலகத்தில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது சிக்கல் எழுத்து. சிந்திச் சொற்கள் அநேகமாக எல்லாமே உயிரில் முடியும், பெரும்பாலும் குறில். நம் குற்றியலுகரம்போல அரைகுறையாக ஒலிக்கும் அந்தக் கடைசி உயிரில்தான் ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்பதெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அரபு எழுத்திலோ குறில்களுக்கு எழுத்து இல்லை. மேலும் கீழும் கோடு போட்டால் உண்டு, அவசரத்துக்கு எழுதுகிறவர்கள் அதைப் போடுவதில்லை. தாய்மொழிக்காரனுக்குப் பழக்கத்தில் வந்துவிடும். அகராதிக்காரனால் அப்படி விட முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் குறிகளை இட்டு, இப்படித்தான் உச்சரிப்பு என்று முடிவு செய்தாக வேண்டும். வழக்குக்கு வழக்கு அந்தக் கடைசி உயிர் மாறும்போது யாரைக் கேட்டு முடிவு செய்வது? பேசுகிறவர்களைத்தான்.

இதே காலத்தில் குலாம் முஸ்தஃபா கான் என்ற உருதுப் பேராசிரியரோடு சேர்ந்து சிந்தி–உருது, உருது–சிந்தி அகராதிகளையும் கொண்டுவந்தார். 1959, 1960. சிந்திக்காரரும் உருதுக்காரரும் ஒரே நகரத்தில் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை அவை. பெரிதாகப் பேசப்படாத வேலை. எனக்கென்னவோ அவர் செய்தவற்றுள் அரசியல் விவேகம் மிகுந்த வேலையாக அதுதான் படுகிறது.

இனி நாட்டார் இலக்கியம். அவர் பணிகளில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

1950களின் பிற்பாதியில் தொடங்கிய திட்டம். தாலுகாவாரியாக ஆட்களை அமர்த்தி, ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் கதையும் விடுகதையும் எழுதி வரச் சொன்னார்கள். பலோச் தானும் அலைந்தார். சிந்துக் கிராமங்களில் ‘ஓதாக்’ என்று ஒன்று உண்டு. விருந்தாளிகள் தங்கவும் ஆண்கள் கூடிப் பேசவுமான இடம். இரவில் அங்கே ‘கச்சஹரி’ கூடும். கச்சஹரியின் நாயகன் ‘சுகட்’. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள் மனப்பாடம். ஒருவர் புதிர்ப்பாட்டுப் போட, எதிர் ஆள் அதை அவிழ்த்துப் பதில்பாட்டுப் போட, விடிய விடிய நடக்கும். மரபு தெரியாதவனுக்குப் புதிரின் தலையும் காலும் புரியாது; ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கும் அதிலிருந்து வேறொன்றுக்கும் தாவிப் போனால்தான் விடை. நகரத்துப் பண்டிதர்கள் இவர்களை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பலோச் இவர்களைத்தான் தன் ஆசிரியர்களாகக் கொண்டார். சுகட்களின் கூட்டங்களைக் கூட்டி உட்கார்ந்து கேட்டார். கொலம்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர் ஓதாக்கில் தரையில் உட்கார்ந்து, எழுத்தறியாத முதியவரிடம் பொருள் கேட்கும் காட்சியைக் கற்பனை செய்தால், அந்தக் காலத்துச் சிந்துவில் அது எவ்வளவு தலைகீழான காரியம் என்று விளங்கும்.

வந்து சேர்ந்ததை வகை பிரித்ததில்தான் அவருடைய ஆய்வு மூளை தெரிகிறது. வெறுமனே ‘நாட்டுப்பாடல்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டவில்லை. இறைவனைப் புகழும் பாட்டு, நபியின் பிறப்பைப் பாடும் மவுலூத், அற்புதங்களைச் சொல்லும் நெடும்பாட்டு, அரபு நெடுங்கணக்கின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணி வைத்துப் பாடும் ‘தீஹ் அக்கரி’, வார நாட்களையும் மாதங்களையும் வைத்துப் பாடுபவை, ஊரில் நடந்த நிகழ்ச்சியை அப்படியே பாடும் நிகழ்ச்சிப் பாட்டு, இரண்டு பொருட்கள் யார் பெரியவர் என்று வாதாடும் பாட்டு, விடுகதைகள், போர்ப்பாட்டு, நட் என்ற நீண்ட குழலோடு சேர்த்துப் பாடும் பைத் என்ற பாடல்கள், பெண்களின் கல்யாணப் பாட்டு, சடங்கு சம்பிரதாயம் என்று வகைக்கொரு தொகுதி. உரைநடைக் கதைகளுக்கு மட்டும் ஏழு. இந்த வகைப் பெயர்கள் அவர் உருவாக்கியவை அல்ல, மக்கள் ஏற்கெனவே வைத்திருந்தவை. ஐரோப்பிய நாட்டாரியல் கொடுத்த அறைகளில் சிந்திப் பாடல்களைத் திணிக்காமல், பாடுகிறவர்களே போட்டு வைத்திருந்த அறைகளை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

காதல் கதைகளுக்கும் வீரக் கதைகளுக்கும் தனித்தனித் தொகுதி. உமர்–மாருயி, மோமல்–ராணோ, சஸுயி–புன்ஹூ, லீலா–சனேசர், சோரட், தோதோ–சனேசர். ஒவ்வொன்றிலும் ஒரே கதையின் பல வடிவங்கள். ‘சரியான’ கதை எது என்று தேடி மற்றதைத் தள்ளவில்லை. தோதோ–சனேசரை எடுத்துக்கொள்ளுங்கள். சிந்துவை ஆண்ட சூம்ரா குல அரசன் பூங்கர் இறந்ததும், மூத்தவன் சனேசரைப் பட்டத்துக்கு அழைக்கிறார்கள். ‘அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்கிறான். அம்மாவைக் கேட்டு முடிவெடுக்கிறவனுக்கு எதற்குத் தலைப்பாகை என்று இளையவன் தோதோவுக்குக் கட்டிவிடுகிறார்கள். அவமானப்பட்ட சனேசர் தில்லிக்குப் போய் அலாவுத்தீன் கில்ஜியின் படையை அழைத்து வருகிறான். தோதோ போரில் சாகிறான். சூம்ராப் பெண்களுக்குச் சம்மா குலத் தலைவன் அப்ரோ அடைக்கலம் தந்து தானும் மடிகிறான். இது வரலாற்றோடு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விவகாரம். பாணர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள். பலோச் அந்தப் பாட்டுகளைத் திரட்டியபோது, ‘மத்திய அரசை எதிர்த்த சிந்து’ என்ற கதை ஒன்று, மத்திய அரசு சிந்துவைக் கலைத்து வைத்திருந்த காலத்திலேயே நாட்டார் இலக்கியம் என்ற பெயரில் ஆவணமாயிற்று. மாருயி கதையும் அப்படித்தான்: தார் பாலைவனத்துப் பெண்ணை உமர்கோட் கோட்டையில் சிறை வைத்துப் பட்டும் பொன்னும் காட்டுகிறான் அரசன், அவள் தன் கம்பளிப் போர்வையைக் கழற்ற மறுக்கிறாள். ஒரே அலகுக் காலத்தில் சிந்துவில் மாருயி என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்கும் தெரியும்.

பலோச் இதை அரசியலாகச் செய்தாரா? முன்னுரைகளில் அப்படி முழங்குகிறவர் அல்லர் அவர். தெருவில் இறங்கியவரும் அல்லர். தொகுதிகள் வெளிவந்த வரிசையைப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும்: முதலில் வந்தவை இறைப்புகழ், நபிப்புகழ், அற்புதங்கள். வீரக் கதைகளும் மாருயியும் பின்னால்தான். ராணுவ ஆட்சியில் யாரும் குறை சொல்ல முடியாத கதவு வழியாக முதலில் நுழைந்தார் என்று நான் ஊகிக்கிறேன். அல்லது அவருடைய இயல்பான சாய்வே அதுவாக இருக்கலாம். இஸ்லாமிய மரபில் ஊறியவர். இரண்டும் உண்மையாக இருப்பதிலும் தடையில்லை.

இந்தச் சாய்வினால் ஓர் இடைவெளியும் உண்டு. சிந்து நாட்டாரியலில் இந்துக்களின் பங்கு பெரிது. ‘பகத்’ என்ற ஆட்டமும் பாட்டுமான கலை இரவு முழுக்க ஊரைக் கட்டிப்போட்டது; அதன் புகழ்பெற்ற கலைஞர் பகத் கன்வர் ராம் 1939இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1947க்குப் பின் பகத் கலைஞர்கள் பெரும்பாலும் எல்லை தாண்டிவிட்டார்கள். பலோச்சின் ஆட்கள் தாலுகா தாலுகாவாகப் போனபோது, கேட்பதற்குப் பாதிப் பேர் இல்லை. அது அவர் குற்றமில்லை. ஆனால் 42 தொகுதிகளைச் ‘சிந்தியின் நாட்டார் இலக்கியம் முழுவதும்’ என்று படிக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் வேலை நடந்தது. 1967 ஏப்ரல் 10 அன்று சிந்தி இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. மாநிலமே இல்லாத மொழிக்குக் கிடைத்த இடம். பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் காஜி காதனின் பாடல்களில் ஏழெட்டுதான் அதுவரை தெரியும். ஹீரோ தாக்குர் என்ற அறிஞர் ஹரியானாவில் தாது பந்தி மடத்துச் சுவடி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கண்டெடுத்து 1978இல் வெளியிட்டார். ஒரு முஸ்லிம் காஜியின் பாட்டு இந்துத் துறவிகள் மடத்தில் நாகரி எழுத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது! சிந்தி இலக்கிய வரலாற்றின் தொடக்கத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. ஊர் ஊராகப் போகாமல் அதையும் கண்டிருக்க முடியாது.

பலோச் தன் பிற்காலத்தை அதிகம் செலவிட்டது ஷா அப்துல் லத்தீஃப் (1689–1752) மீது. லத்தீஃப் தன் கையால் நூலாக எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. பாடினார், பித் ஷாவில் அவர் தர்காவில் பக்கீர்கள் தொடர்ந்து பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள். பாடப் பாட மற்றவர் வரிகளும் உள்ளே கலந்தன. 1866இல் எர்னஸ்ட் டிரம்ப் என்ற ஜெர்மானியர் லைப்சிக்கில் முதன்முதலாக அச்சிட்டார். குர்பக்ஷாணி தன் நுண்ணுணர்வை நம்பிச் சில பகுதிகளை லத்தீஃபுடையவை அல்ல என்று ஒதுக்கினார். பலோச்சின் வழி வேறு. கிடைத்த சுவடிகளை எல்லாம் திரட்டி, எந்த வரி எத்தனை சுவடியில், எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்த்துப் பத்துத் தொகுதிகளில் பதிப்பித்தார். மைமனின் மாணவர் செய்யக்கூடிய வேலை. ஆனால் நாட்டார் பாடல்களைத் தொகுத்த கை இங்கே கூடுதலாக உதவியது: இன்ன சொல் சிந்துவின் மேற்கு மலைப்பகுதியான கோஹிஸ்தான் மேய்ப்பர்களிடம் இன்றும் புழங்குகிறது, ஆகவே சுவடியில் உள்ள அந்தப் பாடம் பிழையல்ல என்று சொல்லும் தகுதி குர்பக்ஷாணிக்கு இல்லாதது, பலோச்சுக்கு இருந்தது.

வரலாற்றுப் பதிப்புகளில் ஒன்றைச் சொன்னால் போதும். அரபியர் சிந்துவைப் பிடித்ததைச் சொல்லும் பாரசீக நூலை உலகம் ‘சச்நாமா’ என்று அழைக்கிறது. 1216 வாக்கில் அலி கூஃபி அரபிலிருந்து ஆக்கியதாகச் சொல்லிக்கொள்ளும் நூல் அது. 1900இல் கலீச் பேக் ஆங்கிலத்தில் பெயர்த்தார், 1939இல் உமர் தாவூத்போத்தா பாரசீக மூலத்தைப் பதிப்பித்தார், 1983இல் பலோச் ‘ஃபத்ஹ்நாமா-இ-சிந்து’ என்ற பெயரில் மீண்டும் பதிப்பித்தார். மூன்று தலைமுறைச் சிந்தி அறிஞர்கள் ஒரே நூலைக் கையிலிருந்து கைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இசை பற்றிய நூல்கள் சிறியவை, ஆனால் சுவையானவை. 1966இல் வந்தது கீழ்ச் சிந்துப் பகுதியின் இசைக்கருவிகள் பற்றியது. களிமண்ணை உருண்டையாகப் பிடித்துத் துளையிட்டுச் சுட்டுச் செய்யும் ‘போரீண்டோ’வைப் பற்றியெல்லாம் அதில் வரும். அரசவை இசை வரலாற்றில் இடம்பெறாத கருவிகள்.

அவருடைய பலவீனமான இடம் சிந்தியின் தோற்றம் பற்றிய கொள்கை. சிந்தி சமஸ்கிருதத்திலிருந்து பிராகிருதம், விராசட அபபிரம்சம் என்ற இடைக்கால மொழிகள் வழியாக வந்தது என்பது டிரம்ப், பேருமல் ஆத்வாணி முதலியோர் சொன்னது. மொழியியலர் பெரும்பாலோர் ஒப்பும் இந்திய ஆரியக் குடும்ப வழி. பலோச் 1962இல் எழுதிய சிந்தி மொழி–இலக்கிய வரலாற்றில், சிந்தி சமஸ்கிருதத்தின் மகள் அல்ல, அதற்கு முந்திய சிந்துவெளி மொழி ஒன்றிலிருந்து நேரே வந்தது, செமித்திய மொழிகளின் தாக்கமும் அதில் உண்டு என்று வாதிட்டார். சிராஜுல் ஹக் மேமண் என்ற சிந்தி எழுத்தாளர் இன்னும் ஒரு படி மேலே போய் மொகஞ்சதாரோவோடு முடிச்சுப் போட்டார். மொகஞ்சதாரோ சிந்துவின் லாட்கானா மாவட்டத்தில் இருக்கிறது என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அங்கே கிடைத்த எழுத்தை இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளும்படி படிக்கவில்லை. சிந்தியின் வினைத்திரிபும் வேற்றுமையும் காட்டும் வழி வேறு. சொல்லுக்குச் சொல் ஆதாரம் கேட்ட அகராதிக்காரர், மொழியின் வயது என்று வந்ததும் கொஞ்சம் தளர்ந்துவிட்டார். மொழிப் பெருமையும் தொல்பழங்காலமும் ஒன்றாகச் சேரும்போது அறிஞர்கள் வழுக்குவது நாம் அறியாததல்ல.

பதவிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1973 முதல் 1976 வரை சிந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1972இல் சிந்து சட்டமன்றம் சிந்தி மொழிச் சட்டம் கொண்டுவந்து, உருது–சிந்திக் கலவரம் நடந்து ஓய்ந்த சூடு ஆறாத நேரம். பிறகு இஸ்லாமாபாத்தில் வரலாறு, பண்பாட்டு ஆய்வு ஆணையப் பணி. 1980இல் அங்கே தொடங்கிய இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இது ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சிக் காலம். சிந்துவில் 1983இல் ஜனநாயக மீட்பு இயக்கத்தை ராணுவம் நசுக்கியபோது அவர் இஸ்லாமாபாத்தில் அரசுப் பதவி வட்டாரத்தில் இருந்தார் என்பது தேசியவாதிகளுக்கு உறுத்தல். அந்த உறுத்தலில் நியாயம் உண்டு. அதே சமயம், அகராதியின் மிச்சத் தொகுதிகள் அனைத்தும் வெளிவந்தது 1981–88இல் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறைக்குப் போனவர்கள் மொழிக்கு உரிமை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மொழியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்டுவதற்கு, பதவியில் இருந்த இவர் செய்ததும் வேண்டியிருந்தது.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிந்தி மொழி ஆணையம் ஹைதராபாத்தில் அமைந்தபோது முதல் தலைவர் அவர்தான். பேரகராதியைச் சுருக்கி ஒரே தொகுதியாக்கிய பதிப்பும் ஆணையத்தின் வழி வந்தது. இப்போது ஆணையம் சிந்தி அகராதிகளை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி போட்டிருக்கிறது. 2011 ஏப்ரல் 6 அன்று ஹைதராபாத்தில் 93 வயதில் பலோச் இறந்தார். சிந்துப் பல்கலைக்கழகத்தின் ஜாம்ஷோரோ வளாகத்தில், தன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்த காஜியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

பாகிஸ்தானில் 2017 கணக்கெடுப்பின்படி சுமார் 3 கோடிப் பேருக்குச் சிந்தி தாய்மொழி. பள்ளி, செய்தித்தாள், தொலைக்காட்சி எல்லாம் உண்டு. அங்கே இந்தத் தொகுதிகளைப் படிக்க ஆள் இருக்கிறது. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பு கட்ச் மொழியையும் சேர்த்துக் காட்டுவது சுமார் 27 லட்சம். இவர்களில் இளையவர்களுக்கு அரபு எழுத்து தெரியாது. சிந்தி படிப்பவர்கள்கூடத் தேவநாகரியில் படிக்கிறார்கள். எந்த எழுத்து என்ற சண்டை, ஸ்டாக்–பர்ட்டன் காலத்தில் தொடங்கியது, இந்தியச் சிந்திகளிடையே இன்னும் ஓயவில்லை. அரசு இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிட்டது. பலோச் தொகுத்த கல்யாணப் பாட்டுகள் உல்லாஸ்நகர்ப் பாட்டிகள் வாயில் சில இன்னும் இருக்கலாம். பேத்தி அவற்றைத் தொகுதியில் தேட வேண்டுமானால் முதலில் 52 எழுத்து கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 42 தொகுதிகளையும் யாராவது நாகரிக்கு மாற்றித் தர வேண்டும். எழுத்து மாற்றும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ஆனால் குறில் குறிகள் இடாத பக்கத்தை எந்திரம் நாகரிக்கு மாற்றும்போது, கடைசி உயிரை ஊகித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் கைகொடுக்கக்கூடியது பலோச்சின் அகராதி.